கயல் கேட்ட கேள்வி

ஜெபா,

எந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தாலும் மேலே ஒரு வசனம், அதற்குக் கீழே ஸ்தோத்திரம், அப்புறம்தான் விஷயம் என்பது என் பழக்கம். இன்றைக்கும் கை பாட்டுக்கு அதை எழுதிவிட்டது. பார்த்தேன், அடித்துவிட்டேன். உன்னோடு நேராகப் பேச வேண்டியிருக்கிறது. மூன்று வாரமாக நீ என் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நாலு தடவை எழுதி நாலு தடவையும் அழித்தேன். கடலூரில் முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்குப் பெற்ற பிள்ளைக்கு நாலு வரி எழுத வரவில்லை என்று தெரிந்தால் நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் கடைசிவரைக்கும் படி. கயலும் படிக்கட்டும். நம் சபையில் யார் கையில் இது கிடைத்தாலும் எனக்குக் கவலை இல்லை. என்னைப்போலப் பிள்ளை வளர்த்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

உனக்கும் எனக்கும் எதில் முறிந்தது என்று இருவருக்கும் தெரியும். கயலுக்கு ஞானஸ்நானம் ஆக வேண்டும். ஆனால்தான் மூன்று ஞாயிறு ஆராதனையில் உங்கள் இருவர் பேரையும் சொல்லிக் கல்யாண ஓலை வாசிப்பார்கள். ஓலை வாசித்தால்தான் ஆலயத்தில் கல்யாணம். இதில் ஒன்று குறைந்தாலும் நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன், செத்துப்போன உன் அப்பாவோடு சேர்த்து என்னையும் போட்டோவாக மாட்டி வைத்துக்கொண்டு தாலி கட்டிக்கொள் என்றேன். அப்படித்தான் சொன்னேன், ஒரு வார்த்தையைக்கூட நான் மறக்கவில்லை. நீ சத்தம் போடவில்லை. "அவ உங்களுக்காகத் தலையக் குனிஞ்சு தண்ணி வாங்கிக்குவாம்மா. ஆனா அது உங்களுக்குப் பண்ற மரியாத. உங்க ஆண்டவருக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆலயத்துப் பக்கமே பத்து வருஷமாகத் தலைகாட்டாதவன் எனக்கு விசுவாசம் சொல்லித்தர வந்துவிட்டானே என்று அன்றைக்கு முழுக்கப் பாத்திரத்தைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

நீ பேசாவிட்டாலும் கயல் பேசினாள். சென்னையில் உன் ஆபீஸிலேயே வேலை பார்க்கிறவள், லீவு போட்டுச் சிதம்பரத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கு வந்து, மூன்று சனிக்கிழமை பஸ் ஏறிக் கடலூருக்கு என்னிடம் வந்தாள் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை, பரமண்டல ஜெபம் எல்லாம் மனப்பாடம். நான் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பேன், அவள் நின்று சொல்வாள். உட்காரச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். நம் ஓய்வுநாள் பள்ளியில் பிறந்தது முதல் வந்து போகிற பிள்ளைகள்கூட அப்படிச் சொன்னதில்லை. சிவப்புப் பேனாவால் டிக் போட்டேன். படிவத்தையும் நானே நிரப்பினேன். ஞானஸ்நானப் பெயர் என்ற இடத்தில் 'கிருபா' என்று எழுதினேன். அவளைக் கேட்கவில்லை.

போன புதன்கிழமை ஒரு வெள்ளைப் புடவை எடுத்துக்கொண்டு சிதம்பரம் போனேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கட்டிக்கொள்ள வேண்டிய புடவை. படிவத்தில் அவள் கையெழுத்தும் பாக்கி இருந்தது. அவள் அப்பா வயலுக்குப் போயிருந்தார். அம்மா இட்லியும் கொத்சும் வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் போட்டுக்கொண்டே இருந்தார். மேசைமேல் இருந்த படிவத்தை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். பெயர் எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது. "அண்ணி, பேரையும் மாத்தணுமா? அவ பொறந்தப்ப ஆஸ்பத்திரி வாசல்லயே அவ அப்பா வச்ச பேரு அது. அவரு வேற எதும் கேக்கல. இத மட்டும் கேக்கச் சொன்னாரு." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது வழக்கம் அண்ணி" என்றேன். அதோடு இன்னொரு இட்லியும் சாப்பிட்டேன்.

அப்புறம் கயல் உள்ளறையில் புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடித்துக்கொண்டே கேட்டாள், "அத்தை, ஒண்ணு கேட்டா தப்பா நெனக்க மாட்டீங்களே?" பத்துக் கட்டளையில் ஏதோ சந்தேகம் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். கேளு என்றேன். "அவருகூட நீங்க என்ன பேசுவீங்க?" "எவருகூட?" "ஏசுகூட." நான் அவளைப் பார்த்தேன். கேலி இல்லை. அவள் முகத்தைத்தான் உனக்குத் தெரியுமே. "இல்ல அத்தை, எனக்கு மனசு கஷ்டமா இருந்தா இங்க கோயில்ல போய் நின்னு சொல்லிட்டு வந்துருவேன். சின்னதுலேந்து அப்பிடித்தான். இனிமே இவருகிட்டதான சொல்லணும். எங்கேந்து ஆரம்பிக்கணும்னு தெரியல. நீங்க இத்தன வருசமா பேசறவங்க. அதான் கேக்கறேன்."

ஜெபா, நாற்பது வருஷம் ஓய்வுநாள் பள்ளி எடுத்தவள் நான். பெண்கள் ஐக்கியத்துக்குப் பதினோரு வருஷம் செயலாளர். "காலையில ஒரு அதிகாரம் வாசிப்பேன், அப்புறம் முழங்கால் போட்டு ஜெபம்" என்றேன். "ஜெபத்துல என்ன அத்தை சொல்லுவீங்க?" "போதகருக்காக, சபைக்காக, நாட்டை ஆளறவங்களுக்காக, வியாதிக்காரங்களுக்காக." "உங்களுக்கு?" "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்." அவள் புடவையைக் கீழே வைத்துவிட்டாள். "மாமா எறந்தப்ப என்ன பேசுனீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். நான் பையை எடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்று அவளுக்கும் தெரியும். கையெழுத்து வாங்கவும் மறந்துபோனேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பி.முட்லூர் தாண்டும்வரை அந்தப் பெண் மேல் கோபமாக இருந்தேன், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்ன திமிர் என்றுகூட நினைத்தேன். புதுச்சத்திரம் வரும்போது கோபம் இறங்கி வெறும் பயம் மட்டும் இருந்தது. உன் அப்பா போன அன்றைக்கு நான் என்ன பேசினேன்? நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய். எந்தப் பாட்டு முதலில், எது கல்லறைக் குழியண்டை என்று நான்தான் முடிவு செய்தேன். ஆராதனைத் தாளில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது, அதைத் திருத்தி மறுபடி அச்சடிக்கச் சொன்னேன். கட்டிப்பிடித்து அழுதவர்களிடம் எல்லாம் கர்த்தருடைய சித்தம் என்றேன். "டீச்சரம்மா விசுவாசம் யாருக்கு வரும்" என்று எல்லாரும் பேசினார்கள். நீ மூலையில் நின்று என்னையே பார்த்தாய். அந்தப் பார்வைக்கு எனக்கு அப்போது அர்த்தம் தெரியவில்லை. அது விசுவாசம் இல்லைடா. ஏன் எடுத்தீர் என்று ஒரு வார்த்தை கேட்டால்கூட ஆண்டவருக்குக் கோபம் வந்துவிடும், உன்னையும் எடுத்துக்கொள்வார் என்ற பயம். அந்தப் பயத்தோடுதான் நான்கு வருஷமாக விடிவதற்கு முன்னால் எழுந்து முழங்கால் போடுகிறேன்.

சிப்காட் தொழிற்பேட்டை வந்ததும் அந்தக் கம்பெனிகளின் மருந்து நாற்றம் பஸ்ஸுக்குள் வந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்தினார்கள், நான் பொத்தவில்லை. இருபத்தேழு வருஷம் உன் அப்பாவின் வேலைச் சட்டையில் நான் துவைத்த நாற்றம் அது. அவரைப் பற்றி நான் உனக்கு என்னவெல்லாம் சொல்லிக்கொடுத்தேன்? அப்பாவுக்கு ஆவிக்குரிய வாழ்க்கை போதாது, அப்பா வெதுவெதுப்பு, அனலும் இல்லை குளிரும் இல்லை, நீ அப்படி ஆகாதே. ஷிப்டு முடிந்து பைக்கில் வரும்போது அவர் வாய்விட்டுப் பேசிக்கொண்டே வருவாரே, நினைவிருக்கிறதா? இன்றைக்கு மேலாள் இப்படிச் சொல்லிவிட்டான் ஆண்டவரே, எனக்குக் கோபம் தாங்கவில்லை, நீரே பார்த்துக்கொள்ளும் என்று கூட வேலை பார்க்கிற ஆளிடம் சொல்வதுபோலச் சொல்லுவார். ஒருநாள் பின்னால் உட்கார்ந்திருந்த நான் கேட்டுவிட்டு, கண்ணைத் திறந்துகொண்டு ஜெபமா, இது என்ன மரியாதை என்று திட்டினேன். "கண்ண மூடுனா லாரியில போய் விழுவேன் டீச்சர்" என்றார். நீ முன்னால் டேங்கில் உட்கார்ந்து சிரித்தாய். உனக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

இன்னொன்றும் நீ அறிய வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அதற்குமுன் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்பது என் வீட்டுச் சட்டம். சபைகூட அவ்வளவு கேட்டதில்லை. அப்படி ஒரு ஞாயிறு அவர் இரவு ஷிப்டு முடித்துக் காலையில் வந்தார். சர்க்கரை வியாதிக்காரர். "ஒரு காபி மட்டும் குடு டீச்சர், தலைய சுத்துது" என்றார். ஆராதனை முடிந்ததும் தருகிறேன் என்று பிளாஸ்க்கை எடுத்து உள்ளே வைத்தேன். ஆலயத்தில் அப்பம் வாங்கும் வரிசையில் என் பக்கத்தில் நின்றவர் அப்படியே சரிந்தார். பீடத்துக்கு முன்னால், எல்லார் கண்ணெதிரிலும். ஓடிவந்து யாரோ வாயில் சர்க்கரை போட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா, அவர் வேட்டியைச் சரிசெய்தேன். அவருக்கு என்ன ஆயிற்று என்பதைவிட நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு சொன்னார்: "விருந்துக்குக் கூப்ட்டவரு பட்டினியோட வான்னா சொன்னாரு? அவரு அப்பிடி ஆள் இல்ல டீச்சர்." நான் வேதத்தைத் தூக்கி வசனம் தேடினேன். கிடைக்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அவர் இருந்த அத்தனை வருஷமும் கேட்கவில்லை.

உன் அப்பா அந்த ஆளை அறிந்திருந்தார், ஜெபா. நான் அந்த ஆளுடைய சட்டதிட்டத்தை மட்டும் அறிந்திருந்தேன். இதுதான் வித்தியாசம், இதற்குமேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

பஸ்ஸில் அந்த நாற்றத்துக்குள் உட்கார்ந்து நான் முதல் தடவையாக வாயைத் திறந்தேன். ஸ்தோத்திரம் இல்லை, ஒரு வசனம் இல்லை. "ஏன் இப்படிப் பண்ணீங்க? ரிட்டையராகி எட்டு மாசம்கூட ஆவலியே. ராமேஸ்வரம் போவலாம்னு டிக்கெட்டு போட்டு வச்சிருந்தாரே. ஒருத்தியா ஒலை வச்சு ஒருத்தியா தின்றேனே, உங்களுக்குத் தெரியுதா?" என்று கேட்டேன். கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பக்கத்துச் சீட்டுப் பெண், "என்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்றாள். இல்லம்மா, பேசிக்கிட்டிருக்கேன் என்றேன். என் கையில் போன் இல்லாததைப் பார்த்துவிட்டு அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, ஒரு தரிசனமும் இல்லை, அப்படியெல்லாம் உனக்குக் கதை சொல்லமாட்டேன். ஆனால் யாரும் கோபப்படவில்லை. அவ்வளவு கேட்ட பிறகும் என்னை யாரும் தள்ளவில்லை என்று மட்டும் தெரிந்தது. அறுபத்தொரு வயதில் அது எனக்குப் புதிதாக இருந்தது. மஞ்சக்குப்பத்தில் இறங்க வேண்டியவள் இரண்டு ஸ்டாப்பிங் தள்ளி இறங்கி நடந்து வந்தேன்.

நடக்கும்போது உன் ஞாபகம்தான். அப்போது நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாய். மாலை ஏழு மணி குடும்ப ஜெபம். முழங்கால் போடச் சொன்னால் நின்றாய். "எனக்கு இன்னிக்குப் பேசத் தோணலம்மா" என்றாய். அன்று மதியம் உன் சிநேகிதன் ஊரை விட்டுக் குடும்பத்தோடு போய்விட்டான், அதில் நீ உடைந்து கிடந்தாய் என்பது எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும். அன்றைக்கு நான் கேட்கவில்லையே. தோளைப் பிடித்து அழுத்தி முழங்கால் போட வைத்தேன். தோணவில்லை என்றால் வாயால் சொல், மனசு பின்னால் வரும் என்றேன். நீ பல்லைக் கடித்துக்கொண்டு பரமண்டல ஜெபத்தைச் சொன்னாய். அன்றையிலிருந்து பள்ளி முடிக்கிறவரை அப்படியே சொன்னாய், ஒருநாள் தவறவில்லை. நான் காலண்டரில் டிக் போட்டேன். மனசு பின்னால் வரவே இல்லை. வேலை கிடைத்துச் சென்னை போன முதல் ஞாயிறே ஆலயத்தை விட்டாய். நண்பர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொன்னேன். இல்லை. பேசத் தோன்றவில்லை என்று நீ சொன்னதே ஒரு ஜெபம்தான். அந்த வீட்டில் அன்றைக்கு உண்மையாக வாய்திறந்தவன் நீ ஒருத்தன். ஆண்டவர் கேட்டிருப்பார். நான்தான் நடுவில் புகுந்து உன் வாயை மூடினேன்.

அதையேதான் கயலுக்கும் செய்யப் போனேன். மறுநாள் காலை போதகரைப் போய்ப் பார்த்தேன். படிவத்தைத் திருப்பித் தரப்போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் வேண்டாம் என்றேன். சின்ன வயசுக்காரர், பாவம், திகைத்துவிட்டார். "அம்மா, அறிவிப்பெல்லாம் எழுதியாச்சே. ஞானஸ்நானம் இல்லேன்னா நம்ம ஆலயத்துல கல்யாணம் வைக்க முடியாது, ஒங்களுக்கே தெரியும். நம்ம சபைக் கமிட்டில மத்தவங்க பிள்ளைக்கு ரூல் சொன்னதே நீங்கதானம்மா" என்றார். ஆமாம் ஐயா, நான்தான் என்றேன். ஆறு வருஷத்துக்குமுன் ஒரு விதவைத் தாய் தன் மகனுக்காக வந்து அழுதாள், நான் சட்டத்தைப் படித்துக் காட்டினேன். அந்தக் குடும்பம் இப்போது எந்தச் சபைக்கும் போவதில்லை. அந்த வீட்டுக்கும் நான் போகவேண்டும். இரண்டு தடவை தெருமுனைவரை போய்த் திரும்பிவிட்டேன். போவேன். "அந்தப் பொண்ணுக்கு அவரு வேணும்னு அவளுக்கே தோணட்டும் ஐயா. அன்னிக்கு வந்து நிக்கட்டும். தோணலேன்னா நான் அவளுக்கு மாமியார்தான், அதுல ஒண்ணும் கொறயாது" என்று சொல்லிவிட்டு, பெண்கள் ஐக்கியச் செயலாளர் நோட்டையும் சாவியையும் அவர் மேசைமேல் வைத்தேன். ஞானஸ்நானத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை, அதைப் புரிந்துகொள். பெரியது என்பதால்தான் கல்யாணத்துக்கு டோக்கனாக அதை வாங்கக்கூடாது என்கிறேன். கடைசியில் போதகர், கல்யாணத்தன்றைக்கு வீட்டுக்கு வந்து ஜெபித்துவிட்டுப் போகிறேன் என்றார். உன் சம்மதம் இருந்தால் மட்டும் வரட்டும்.

பிறகு கயலுக்குப் போன் செய்தேன். பெயரை மாற்ற வேண்டாம் என்று முதலில் சொன்னேன், அதை அவள் அப்பாவிடம் சொல்லச் சொன்னேன். மற்றதையும் சொன்னேன். "கோச்சுக்கிட்டீங்களா அத்தை? நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள். நீ கேட்டதால்தான்டி எனக்கு வாய் திறந்தது என்றேன். பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். சிரித்தாள், அழுதாள். "அப்ப நீங்களும் இப்பத்தான் ஆரம்பிக்கிறீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். நான் கொடுத்த சுவிசேஷத்தைத் தானாகவே படிப்பதாகச் சொன்னாள். எதுவரை படித்தாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

கல்யாணத்துக்கு நான் வருகிறேன். சிதம்பரத்தில் அவர்கள் வீட்டு வழக்கப்படி மண்டபத்தில் வைத்தாலும் சரி, ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டாலும் சரி. எங்கே நிற்கச் சொல்கிறாயோ அங்கே நிற்கிறேன். நான் சொன்ன அந்தப் போட்டோ வார்த்தையை மன்னித்துவிடு. பெற்ற வாயால் அப்படி ஒன்றைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆலயத்துக்குப் போனாயா, ஜெபித்தாயா, வாசித்தாயா என்று இனி நான் கேட்கமாட்டேன். பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டால் போனை வைத்துவிடு, நான் வருத்தப்படமாட்டேன். கயலோடு சண்டை வரும்போது எந்தச் சட்டம் சரி என்று தேடாதே, அவள் முகத்தைப் பார். நாளைக்கு உங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து, எனக்குப் பேசத் தோன்றவில்லை என்று சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்து என்னடா ஆச்சு என்று கேள். நான் கேட்காததை நீ கேள்.

கடைசியாக ஒன்று. நீ திரும்பி வா என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் நீ பத்து வருஷமாக அவரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாயே, அது நிஜமாக அவர்மேல் உள்ள கோபமா என்று தனியாக இருக்கும்போது யோசித்துப் பார். அவரைப் பற்றி உனக்குச் சொன்னவள் நான். நான் காட்டிய முகத்தைத்தான் நீ அவர் முகம் என்று பார்த்தாய். காபி தராதவர், தோளை அழுத்துகிறவர், டிக் போடுகிறவர். அது அவர் இல்லை, ஜெபா. அது உன் அம்மா. என்னோடு எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இரு, அது எனக்குத் தகும். அவரை மட்டும் என்னை வைத்து எடைபோடாதே. அவர் என்னைப்போல் இல்லைடா.

அம்மா